ஒருவரும் பதில் சொல்லாத பெயர்

ஒன்பதாம் நம்பர் வண்டி காலை ஏழு பத்துக்கு டிப்போவை விட்டு வெளியே போக வேண்டும். ரயிலடிக்குப் போய், எட்டு மணி ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு எட்டே முக்காலுக்கு ஊருக்குள் திரும்பிவிடும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுவிட்டார். கண்டக்டரைக் காணோம்.

"ரெண்டு நிமிஷம் பாப்போம்மா, ஓடி வந்துடுவான்" என்றார் டிரைவர்.

டைம்கீப்பரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய ஜன்னலுக்கு எதிரிலேயே ஸ்பேர் கண்டக்டர் டீ கிளாஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் பாதி டீயிலேயே அவரைப் பிடுங்கி வண்டிக்குள் தள்ளியிருப்பாள். அன்றைக்கு நோட்டைத் திறந்து, 'கண்டக்டர் வரவில்லை. ட்ரிப் ரத்து' என்று எழுதினாள்.

"என்னம்மா இது? ஸ்பேர் ஆளு இங்கதானே நிக்கிறாரு?"

"அவருக்கு வேற வண்டி இருக்கு."

"எந்த வண்டி?"

"இங்க டைம்கீப்பர் நீங்களா, நானா?"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். இருபத்தேழு வருஷ சர்வீஸில் வெள்ளத்துக்கும் உடைந்த ஆக்சிலுக்கும் தவிர அந்த அம்மா ட்ரிப்பை வெட்டியதே கிடையாது. சூரியன் அஞ்சு நிமிஷம் லேட்டாக வந்தால் அதற்கும் மெமோ கொடுப்பார் என்று டிப்போவில் பேச்சு. ஏழு பதினாறுக்குக் கண்டக்டர் மூச்சிரைக்க வந்து நின்றபோது, தலையைக்கூடத் தூக்காமல், "ட்ரிப் கட் ஆயிடுச்சு, போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த எட்டு மணி ரயிலில் அவளுடைய அக்கா வருகிறாள். குடும்பச் சங்கத்தின் நோட்டுப்படி அந்த அக்கா செத்து முப்பது வருஷமாகிறது. சாகடித்தது வேறு யாருமில்லை, டைம்கீப்பரம்மாதான். பேனாவால்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் அப்பாவோடு சேர்த்துக் கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர், பிழைப்புத் தேடி ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். பிள்ளைகள் காலத்தில் ஒருவரையொருவர் தெரியாமல் போய்விடுமே என்று, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரே கூரைக்கடியில் கூடுவதாக முடிவு செய்தார்கள். அதற்கு ஒரு தடித்த நோட்டு, ஒரு தலைவர், ஒரு செயலாளர், கடைசியில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு போட்டோ. இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் பதினாறு கூட்டம் நடந்திருக்கிறது. அன்றைக்கு இதே ஊரில் நடக்கவிருந்தது பதினேழாவது.

கூட்டத்தின் உயிர், பேர் கூப்பிடுவதில் இருந்தது. காலை பதினொரு மணிக்குச் செயலாளர் மைக்கில் அந்த ஏழு பேரின் கிளைகளில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். வந்திருப்பவர் எழுந்து "இருக்கேன்" என்பார். வராதவருக்காக வீட்டு மனிதர் ஒருவர் எழுந்து "வரல, நல்லா இருக்காங்க" என்பார். அதற்குப் பிறகு நினைவுப் பட்டியல். செத்தவர்களின் பெயரைக் கூப்பிட்டால், நெருங்கிய சொந்தம் எழுந்து "எங்களோட இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்பார்கள்.

இதற்கு இரண்டு விதிகள் உண்டு. முதல் செயலாளராக இருந்த பெரியப்பா சாப்பாட்டுப் பிரியர். இரண்டாம் கூட்டத்தில் பந்திக்கு நேரமாகிறதென்று, வராதவர்கள் முப்பது பேருக்கும் தானே "நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று சொல்லித் தள்ளிவிட்டார். அதில் ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் காலமாகியிருந்தார். அவர் மனைவி நடு ஹாலில் உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து, பெயர் கூப்பிடுகிறவர் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது என்று ஒரு விதி. இன்னொன்று, கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத ஒரு பையனால் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் பெயருக்கு ஹாலில் விழுந்த மௌனத்தை அவன் அம்மாவால் தாங்க முடியவில்லை. அதனால், மூன்று கூட்டத்தில் கூப்பிட்டும் ஒருவரும் பதில் சொல்லாத பெயர் நினைவுப் பட்டியலுக்குப் போய்விடும் என்று எழுதி வைத்தார்கள். இரண்டும் நல்ல எண்ணத்தில் எழுதியவைதான்.

அக்கா நாலு கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், நாலிலும் கணீரென்று "இருக்கேன்" சொல்லியிருக்கிறாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பம்ப் மெக்கானிக். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவரோடு அக்கா போய்விட்டாள். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று, சொந்தமெல்லாம் புறப்படத் தயாராகிவிட்டது. மறுநாள் யாரோ, "சின்னவ இருக்காளே" என்றார்கள்.

சின்னவளுக்கு அப்போது இருபது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாளா என்பது அவளுக்கே கடைசிவரை தெரியவில்லை. மாப்பிள்ளை தங்கமான மனிதராக அமைந்துபோனார், சங்கடமே அதுதான். முரடனாக இருந்திருந்தால் அக்காவை ஆசை தீரத் திட்டிவிட்டு ஓய்ந்திருக்கலாம். நல்லவராக இருந்ததால் பயம் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைப் போல, சொந்தக்காரி ஒரு நாள் வந்து கேட்பாளோ என்று உள்ளுக்குள் ஒரு பதைப்பு. புருஷனிடம் அதைச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் ஐந்தாவது கூட்டம் வந்தது. பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால், "இவ கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்று இவளைச் செயலாளராக்கி மைக் முன்னால் நிறுத்தினார்கள். நாலு நாள் முன்னால் அக்காவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. 'எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். கூட்டத்தில் என் பேர் வரும்போது நல்லா இருக்கேன்னு யாரையாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அது போதும்.' பெயர் வந்தது. முதல் வரிசையில் இருந்த அப்பா இவளை ஒரு பார்வை பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. கூப்பிடுகிறவள் பதில் சொல்லக் கூடாது என்ற விதி இவளுக்குத் தோதாகப் போயிற்று. கூட்டம் முடிந்து ஊருக்கு வந்ததும் அக்காவுக்கு ஒரு கார்டு போட்டாள். 'சொல்லியாச்சு. ஆனால் இப்போதைக்கு இங்கே வராதே. யாருக்கும் இன்னும் கோபம் ஆறவில்லை.'

ஆறாவது கூட்டத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். அப்பா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். மைக்கில் இருந்தவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூச்சுவிடாமல் அடுத்த பெயருக்குத் தாவினாள். மறுபடியும் அதே கார்டு: 'சொல்லியாச்சு.'

ஏழாவது கூட்டத்துக்குள் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முறைத்துப் பார்க்க ஆளில்லை. பேப்பரைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி நின்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்றாவது வரிசையில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். நாலு வயது மகள் அவர் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அவரைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். முதல் இரண்டு தடவை அப்பாவுக்குப் பயந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது தடவை செய்தது முழுக்க முழுக்க அவளுக்காகவே. இது அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

எட்டாவது கூட்டத்திலிருந்து அக்கா நினைவுப் பட்டியலில் இருந்தாள். பழைய குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி அந்த வருஷம் ஹால் சுவரில் மாட்டினார்கள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு இவள் வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு அது போதாதா? ஒருவர் காய்ச்சல் என்றார், ஒருவர் பிரசவத்தில் என்றார், லாரி மோதி என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஊமை வேஷத்துக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மூத்த அத்தை ஒருத்தி மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பெயருக்குத் தவறாமல் அழுவாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குக் கார்டு போயிற்று. அதே 'சொல்லியாச்சு', அதே 'வராதே'.

புதன்கிழமை டிப்போ போன் அடித்தது. எடுத்து, "டைம் ஆபீஸ்" என்றாள்.

"நான்தான் பேசறேன்" என்றது குரல். முப்பத்தாறு வருஷம் கழித்துக் கேட்டாலும் அது யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷமாச்சு. யோசிச்சுப் பாத்தேன், என் மேல கோவிச்சுக்க இனிமே அங்க யாரு மிச்சம் இருக்கா? ஞாயித்துக்கிழமை வரேன். எட்டு மணி ரயிலு. ஒரு தடவையாவது என் பேருக்கு நானே பதில் சொல்லணும்."

"சரி" என்றாள் இவள்.

நாலு நாளும் சோறு இறங்கவில்லை. புருஷன், "ஏன் என்னவோ போல இருக்கே?" என்று இரண்டு தடவை கேட்டார். தலைவலி என்றாள். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒன்பதாம் நம்பர் போகாவிட்டால் ரயிலடியிலிருந்து அடுத்த வண்டி பன்னிரண்டரைக்குத்தான் வந்து சேரும். அதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்திருக்கும், எல்லோரும் பந்தியில் இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே அக்காவைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுக் காலில் விழுந்து சொல்லிவிடலாம். நூற்றைம்பது பேர் முன்னால் தன் சாவை அக்கா கேட்க வேண்டாம். அக்காவுக்காகத்தான் இப்படிச் செய்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை.

ஒன்பதரைக்கு ஹாலுக்குப் போனபோது தலைவர் சித்தப்பா வாசலில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது, குரல் மட்டும் முப்பது. சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரை இரண்டு வருஷம் முன்கூட்டியே போட்டுவிட்டார். "அம்பது ஆகறப்போ நான் இருக்கணுமில்ல?" என்பது அவருடைய வாதம். மலர் வாசல் மேஜையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. நடுப்பக்கத்தில் 'என்றும் நம்மோடு' என்ற தலைப்பில் நாற்பத்தொரு முகங்கள். நாலாவது வரிசையில் பத்தொன்பது வயது அக்கா, பாதி சிரிப்போடு.

"சித்தப்பா, புக்கைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கலாமே."

"எதுக்கு? குழம்பு ஊத்தி எடுத்துக்கிட்டுப் போகவா? வர்றவங்க கையில குடுங்கடா. பேரு கூப்பிடறப்போ பாத்துக்கிட்டே கேக்கட்டும்."

பதினொன்றுக்கு மைக் முன்னால் நின்றாள். மைக்கைச் சரிசெய்தது அவள் புருஷன். எந்த விழாவானாலும் மின்சாரச் சங்கதி அவர் தலையில்தான் விழும். உயிரோடு இருப்பவர்களின் பட்டியலை வேகமாகவே முடித்தாள். "இருக்கேன்", "இருக்கேன்", "வரல, நல்லா இருக்காங்க". குழந்தைகள் கத்திச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். பதினொன்று இருபத்தைந்துக்கு நினைவுப் பட்டியலைக் கையில் எடுத்தாள். இன்னும் கால் மணி நேரம் ஓடிவிட்டால் போதும். அவளுக்கு அப்போதுதான் லேசாக மூச்சு வந்தது.

முதல் கிளையின் கடைசிப் பெயரில் இருந்தபோது வாசலில் நிழலாடியது. நரைத்த தலை, கசங்கிய பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. வாசலில் நின்ற யாரோ ஒரு மருமகப் பெண் பல்லெல்லாம் தெரிய வரவேற்று, ஒரு மலரை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள். வந்தவள் கடைசி வரிசையில், இரண்டு பெண்களுக்கு நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையைப் பார்த்தாள். தங்கையை அடையாளம் கண்டுகொண்டு, கையை இடுப்பளவுக்கு மட்டும் உயர்த்தி ஆட்டினாள்.

டைம்கீப்பரம்மா பட்டியலை மறந்து அந்தக் கையையே பார்த்தாள். எப்படி வந்தாள்? எதில் வந்தாள்? இரண்டாம் கிளையைத் தொடங்கினாள். அக்கா மலரைப் புரட்டினாள், பிறகு கைநீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள். எழுத்து பிடிபடவில்லை போலிருக்கிறது. பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தாள். ஒரு துண்டு வெளியே வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, மாத்திரை டப்பா வந்தது. கண்ணாடி வரவில்லை.

மூன்றாம் கிளையை இழுத்து இழுத்து வாசித்தாள். இழுத்தால் மட்டும் என்ன ஆகும்? வேகமாகப் போனால் அந்தப் பெயர் சீக்கிரம் வரும். மெதுவாகப் போனால் கண்ணாடி கிடைத்துவிடும். அந்தப் பெயரை மட்டும் தாண்டிவிடலாமென்றால், நூற்றைம்பது பேர் கையிலும் அச்சடித்த பட்டியல் இருக்கிறது. நாலாம் கிளை அவர்களுடையது. முதல் பெயர் அப்பா.

"எங்களோட இருக்காங்க" என்றார் புருஷன், மைக் ஒயரைப் பிடித்தபடியே எழுந்து நின்று. மாமனாருக்கு எப்போதும் அவர்தான் சொல்வார்.

அடுத்தது அம்மா. அவர் வாயெடுக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்களோட இருக்காங்க." கணீரென்ற குரல். முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. யார் இந்த அம்மா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையைப் பையின் பக்கவாட்டு அறையில் விட்டபோது கண்ணாடி கிடைத்தது. மாட்டிக்கொண்டாள். மலரை மடியில் வைத்து நடுப்பக்கத்தைத் திறந்தாள்.

மேடையில் சத்தம் நின்றுவிட்டது.

"என்னம்மா நிறுத்திட்டே?" என்றார் சித்தப்பா. "தண்ணி வேணுமா? சரி விடு, அடுத்த பேரை நானே..." என்று மலரைப் பிரித்து மைக் பக்கம் சாய்ந்தார். டைம்கீப்பரம்மா மைக்கைக் கையால் பொத்தினாள். அப்புறம் கையை எடுத்தாள்.

"இந்தப் பேரை இந்தப் பட்டியல்ல நான் வாசிக்க மாட்டேன்" என்றாள். "எங்க அக்கா சாகல. எனக்குத் தெரியும். அவ பேருக்குப் பதில் வராத மூணு கூட்டத்துலயும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னாடி லெட்டர் போட்டு, நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா. நான் சொல்லல. சொல்லிட்டேன்னு அவளுக்குப் பொய் எழுதினேன். நீங்க எல்லாம் முப்பது வருஷமா எழுந்து நின்னது உயிரோட இருக்கறவளுக்கு. அவ இங்கதான் இருக்கா, கடைசி வரிசையில. இன்னிக்கு வந்துடக் கூடாதுன்னு காலையில அந்த ஒன்பதாம் நம்பர் ட்ரிப்பக் கட் பண்ணதும் நான்தான்."

பின்னாலிருந்து அக்கா, "எவளோ ஒரு புண்ணியவதி வண்டிய நிறுத்திட்டாளாம்னு வேன்ல வந்த அத்தனை பேரும் திட்டிக்கிட்டே வந்தாங்க" என்றாள். "நீதானா அது?"

ஒரு பையன் சிரித்துவிட்டு அடி வாங்கினான். மூத்த அத்தை, "ஐயையோ, நான் ஒம்போது தடவை அழுதிருக்கேனே!" என்று மார்பில் கைவைத்துக்கொண்டாள்.

டைம்கீப்பரம்மா பார்த்தது புருஷனை மட்டும்தான். அவர் ஒயரைக் கீழே போட்டுவிட்டுக் கடைசி வரிசையை உற்றுப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, பேசியது எவர் என்று பிடிபடாமல், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்து, "மூணு பொம்பளைங்க உக்காந்திருக்காங்களே. இதுல உங்க அக்கா யாரு?" என்று கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷமாக இந்த மனிதரை இழந்துவிடுவோமோ என்று பயந்துதான் அக்காவைச் சாக விட்டிருந்தாள். அவருக்கோ அந்த முகமே நினைவில் இல்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவில் வழிவிட்டார்கள். மேடையில் ஏறி, தங்கையைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த சங்க நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஐந்தாவது கூட்டத்தின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். தன் பெயருக்கு நேராக 'பதில் இல்லை' என்றிருந்ததைப் படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி 'பதில் இல்லை'. மறுபடி. அதற்குப் பிறகு ஒன்பது கூட்டத்துக்கு அச்சுப் போன்ற அந்தக் கையெழுத்தில், இறந்தவர்களின் வரிசையில் தன் பெயர். ஒன்றுவிடாமல் படித்தாள். சித்தப்பா மெதுவாக, "சாப்பாடு ஆறிடும், அப்புறமா வச்சுக்கலாமே" என்றார். யாரோ அவரை "ஸ்ஸ்" என்றார்கள். தலைவரானதிலிருந்து அவரை யாரும் அப்படி அடக்கியதில்லை.

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போக மாட்டேன்" என்றாள் அக்கா. தங்கையிடம்தான் சொன்னாள், மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "பதினொரு மணிக்குக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். எங்க வீட்டுக்காரர் ஏதாவது பேச வந்தாக் கூட, கொஞ்சம் இருங்க, இப்ப என் பேரு வர்ற நேரம்னு சொல்லுவேன். இப்ப இவ சொல்லியிருப்பா, நாலு பேரு நல்லா இருக்காளாமான்னு கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுப்பேன். அதுக்கப்புறம்தான் எந்திரிச்சு சாப்பிடப் போவேன்."

"அக்கா..."

"கூப்பிடு."

"என்னது?"

"என் பேரை. விட்டுப்போன கூட்டம் எல்லாத்துக்கும். எண்ணிக்கை சொல்லிக் கூப்பிடு."

டைம்கீப்பரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சாவது கூட்டம்" என்று சொல்லிப் பெயரைக் கூப்பிட்டாள்.

"இருக்கேன்" என்றாள் அக்கா.

"ஆறாவது கூட்டம்." பெயர்.

அக்கா தங்கை பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு அம்மா வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்க."

"எங்க உக்காந்திருந்தாங்க?"

"முதல் வரிசையில, இடது பக்கம். உன் பேரு வந்ததும் எந்திரிச்சாங்க. அப்பா உக்கார வச்சுட்டாரு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா மேடையின் விளிம்புக்கு வந்தாள். முதல் வரிசையின் இடது பக்கம், ஏதோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, "இருக்கேம்மா" என்றாள். அந்தப் பெண் பயந்து தன் அம்மாவிடம் ஓடிவிட்டது.

ஏழு, எட்டு, ஒன்பது என்று போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பத்துக்கு மேல் மூத்த அத்தை மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்த முறை எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. பதினாறு முடிந்ததும் டைம்கீப்பரம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது பதினேழாவது கூட்டம்" என்று ஆரம்பித்தாள். அக்கா அவள் கையிலிருந்த பேப்பரை வாங்கிவிட்டாள்.

"இதுக்கு நான் சொல்ல மாட்டேன். பன்னெண்டு தடவை நீ எனக்காகச் சொன்னதா எழுதியிருக்கே. ஒரு தடவையாவது அதை நான் காதால கேக்கணும். கீழ இறங்கு."

அக்கா பேப்பரைத் தங்கை புருஷன் கையில் கொடுத்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் அச்சான அந்தப் பெயரை, வாழ்க்கையில் முதன்முறையாக, மைக்கில் உரக்கக் கூப்பிட்டார்.

டைம்கீப்பரம்மா படியிறங்கி, முதல் வரிசைக்கு முன்னால் நின்றாள். "வந்திருக்கா" என்றாள். "நல்லா இருக்கா."

"கேக்கல" என்றாள் அக்கா மேலேயிருந்து. கோபமா, கெஞ்சலா என்று அந்தக் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சத்தமா சொல்லுடி."

இரண்டாவது தடவை மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்டது.